வட்டத்துக்குள் ஒரு வட்டம்

ஜூன் 3, செவ்வாய்

காலை பி.பி. 150/90. மாத்திரை மூன்றும் கொடுத்தாயிற்று. இட்லி இரண்டு, பிசைந்து ஊட்டினேன். வெளிக்குப் போனார்.

இதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னது ரிஸ்வானா. வாரத்தில் மூன்று நாள் வந்து அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற பிஸியோதெரபிஸ்ட் பெண். "எது மாறுதுன்னு நமக்குத் தெரியணும்ல. தேதி போட்டு எழுதுங்கம்மா" என்றாள். பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்தபோது மிச்சமான பாடக்குறிப்பு நோட்டு ஒன்று பீரோவில் கிடந்தது. இருபத்தெட்டு வருஷம் 'காஜா எடுத்தல், பொத்தான் தைத்தல்' என்று எழுதிய நோட்டில் இப்போது புருஷன் வெளிக்குப் போனதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 11-ஆம் தேதி பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. திருச்சி ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள். பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "சரி." காபி வேண்டுமா என்றால் சரி. வேண்டாம் என்பதற்கும் சரி. நேற்று டம்ளரைத் தட்டிவிட்டு, கண் சிவந்து, அதே சரி. எழுதவும் வரவில்லை. ஆனால் நாம் சொல்வது புரிகிறது. நான் திட்டுவது நன்றாகவே புரிகிறது.

"இடது கைக்கு வேலை கொடுப்போம். எழுத்து வராட்டி என்ன, படம் வரையட்டும்" என்கிறாள் ரிஸ்வானா. முப்பத்தைந்து வருஷம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்த சர்வேயர் வைத்தியலிங்கம், அறுபத்துமூன்று வயதில் பொம்மை போடப் போகிறார்.

ஜூன் 5, வியாழன்

பி.பி. 146/90.

எச்.பி. பென்சிலும் ஒரு குயர் வெள்ளைத்தாளும் வாங்கி வந்தேன். மாம்பழம் போடச் சொன்னாள் ரிஸ்வானா. மாம்பழத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. தாளின் குறுக்கே இரண்டு நீளக் கோடு போட்டார். கீழே இன்னொரு கோடு, அதன் மேல் குட்டிக் குட்டியாகக் கால்கள். பூரான் மாதிரி இருந்தது. மூலையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு வட்டம்.

"என்ன சார் இது?"

"சரி" என்றார்.

மூன்று தாளிலும் அதே பூரான், அதே வட்டம். பென்சில் சரியில்லை. இடது கையில் அழுத்தம் போதாமல் கோடு விழுவதே தெரியவில்லை. இதை வைத்து யார் என்ன வரைய முடியும்?

ஜூன் 6, வெள்ளி

அவருடைய செல்போன் விடாமல் அடிக்கிறது. 'பென்ஷனர் சங்கம்' என்று வருகிறது. ரிட்டையர் ஆனவர்களுக்குக் குளித்தலையில் ஒரு சங்கம், மாதம் ஒரு வியாழக்கிழமை கூட்டம். போனால் சாயங்காலம்தான் வருவார், ஒரு கவுளி வெற்றிலையோடு. எனக்கு வெற்றிலை பிடிக்கும் என்று இன்னும் நினைவு வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

எடுத்தால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். எப்படி விழுந்தார், எந்தப் பக்கம், இப்போது எப்படி. எனக்கு அலுத்துவிட்டது. போனை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டேன். அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

பி.பி. 140/88. முதுகில் புண் ஆறுகிறது. மெத்தை உறை மாற்றித் தைத்தேன்.

6பி பென்சில் வாங்கினேன். கறுப்பாக விழுகிறது, லேசாக வைத்தாலே போதும். அதே படம்தான், இன்னும் தெளிவாக. பூரானின் கால்கள் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. தையல் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சீராகப் போட்டால் பத்துக்குப் பத்து கொடுத்திருப்பேன். வட்டத்தைக் காட்டி, "கிணறா?" என்று கேட்டேன். அவர் போடுகிற நிலப் படங்களில் வட்டம் என்றால் கிணறு என்று அரைகுறையாகத் தெரியும். தலையை இல்லை என்று ஆட்டினார். வாய் மட்டும் சரி என்றது. பிறகு பென்சிலால் வட்டத்தைக் குத்திக் குத்தி முனையை உடைத்தார்.

"உங்களுக்குப் பிள்ளைங்கம்மா?" என்று ரிஸ்வானா அவர் விரல்களைப் பிடித்து விட்டபடியே கேட்டாள்.

ஒரு பெண், சுகந்தி. ஓசூரில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் ரயில்வேயில் இருக்கும் ஆரோன் என்கிற பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வேறு ஜனம், வேறு சாமி. அவரும் வேண்டாம் என்றுவிட்டார். அத்தோடு போயிற்று.

இதை ரிஸ்வானாவிடம் சொன்னபோது அவருடைய இடது கை அவள் கையிலிருந்து விசுக்கென்று விடுபட்டது. "பாருங்கம்மா, நல்ல ரிப்ளெக்ஸ்" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

ஜூன் 14, சனி

கடைக்காரரிடம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டேஷனரிக் கடை. "சார்கோல் குடுத்துப் பாருங்க டீச்சர், கைக்குப் பலம் வேண்டாம், தொட்டாலே விழும்" என்று கரிக்குச்சிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்.

தொட்டாலே விழுகிறது, உண்மைதான். தலையணை உறையிலும் விழுந்தது, அவர் கன்னத்திலும் விழுந்தது. இடது கையால் இழுக்கும்போது உள்ளங்கை பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. கரிக்கடை மாதிரி ஆகிவிட்டது கட்டில். நான் சத்தம் போட்டேன். அவர் காதில் வாங்காமல், அந்த இரண்டு நீளக் கோட்டுக்கும் நடுவில் கட்டைவிரலால் கரியைத் தேய்த்து நிரப்பிக்கொண்டே போனார். அகலமான சாம்பல் பட்டை. தேய்த்து முடித்து என்னைப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது.

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். இரண்டு நாளில் இங்கே முசிறிக்குத் தண்ணீர் வந்துவிடும்.

ஜூன் 17, செவ்வாய்

பி.பி. 138/86.

கரியைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். துணியில் கோடு போடுகிற என் தையல் சாக்பீஸைக் கொடுத்துப் பார்த்தேன். பழுப்புத்தாளில் வெள்ளையாக நன்றாக விழுந்தது. சதுரமாக, மெல்லிசாக இருக்கும் என்பதால் அவர் விரலில் நிற்கவில்லை. மெழுகுக் கலர் பென்சில் கொடுத்தேன். பன்னிரண்டில் நீலம், சிவப்பு, கறுப்பு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். நீலம் இரண்டே நாளில் பாதியாகிவிட்டது. அழுத்துகிற அழுத்தில் உடைந்தும் போகிறது.

எதைக் கொடுத்தாலும் பூரான், பட்டை, வட்டத்துக்குள் வட்டம். மூளையில் அடிபட்டால் ஒரே இடத்தில் சுற்றும் என்று சொல்வார்கள். பேச்சில் சரி மாதிரி, கைக்கு இது.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்று வருகிறது.

ஜூன் 21, சனி

இன்று வாட்டர் கலர். கேக் மாதிரி பன்னிரண்டு வில்லை, ஒரு பிரஷ். பிரஷ் காம்பு மெல்லிசு, அவர் கைக்குப் பிடிபடவில்லை. பழைய துணியை நாலு மடிப்பாக வைத்துத் தைத்து உறை போட்டேன். இப்போது கெட்டியாகப் பிடிக்கிறார். என் தையல் ஒருவழியாக அவருக்கு உதவிற்று.

பெயின்ட் தோதாக வந்தது. அழுத்த வேண்டாம், உடையாது, தானே ஓடும். ஓடியதுதான் வினை. வெள்ளைத்தாள் ஈரம் தாங்காமல் அப்பளம் மாதிரி நெளிந்தது. நீலம் பள்ளத்தில் தேங்கி, கோட்டைத் தாண்டி வழிந்து, அந்த வட்டத்தின் மேல் ஏறி அதை மூழ்கடித்துவிட்டது.

அவர் அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர். சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இடது கையால் அந்த வட்டத்திலிருந்து நீலத்தை வழித்து வழித்து வெளியே தள்ளினார். தாள் கிழிந்தது.

"தாள் சரியில்லைங்க. நல்ல தாள் வாங்கித் தரேன். அழாதீங்க" என்று முகத்தைத் துடைத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. துணி துவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவன் நின்றுகொண்டிருந்தது காரணமில்லாமல் நினைவுக்கு வந்தது. ரொம்ப நேரம் நின்றான். வேறு யாரையாவது பார்க்க வந்திருப்பான்.

ஜூன் 26, வியாழன்

பி.பி. 136/84. பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார்.

கடைக்காரர் திருச்சியிலிருந்து தடித்த தாள் வரவழைத்துத் தந்தார். தொட்டால் ரவிக்கைக்கு வைக்கிற கான்வாஸ் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. "பலகையில வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டிடுங்க டீச்சர். எவ்வளவு தண்ணி விட்டாலும் நெளியாது" என்றார்.

பலகைக்கு எங்கே போவது? பரண்மேல் அவருடைய பழைய சர்வே பலகை இருந்தது. வயல் நடுவில் முக்காலியில் நிறுத்தி அதன்மேல் தாள் வைத்துப் படம் போடுவார்கள். தூசி தட்டித் தாளை ஒட்டி அவர் மடியில் வைத்தேன்.

பலகையைக் கண்டதும் மனுஷன் நிமிர்ந்தார். இடது கையால் அதன் ஓரங்களைத் தடவினார். ஜன்னலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓர் இடத்தில் நிறுத்தினார். பிரஷில் கறுப்பைத் தொட்டு, மேல்மூலையில் முதல் வேலையாக ஓர் அம்புக்குறி போட்டார்.

அந்த அம்பை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் இந்த வீட்டில் எந்தப் படத்தை விரித்தாலும் மூலையில் அது இருக்கும். வடக்கு.

அம்புக்குப் பிறகு இரண்டு கோடு. நடுவில் வெறும் தண்ணீரை மட்டும் பூசினார், பிறகு அந்த ஈரத்தில் நீலத்தைத் தொட்டார். அது தானாகவே பட்டை முழுக்கப் பரவியது. தாள் நெளியவில்லை, நிறம் கரையைத் தாண்டவும் இல்லை. அது ஆறு. இவ்வளவு நாளும் ஆற்றைத்தான் கரியில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன் குறுக்கே சிவப்பாகப் பாலம். தெற்கே மெல்லிய நீலத்தில் வாய்க்கால். கால் முளைத்த பூரான், தண்டவாளம். தண்டவாளத்தில் ஒரு கேட். கேட்டைத் தாண்டி இடது பக்கம் மூன்று மரம். மரத்துக்கு அடுத்து அந்த வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.

அவர் கிறுக்கவே இல்லை. மூன்று வாரமாக ஒரே நிலப்படத்தை எனக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பென்சிலிலும் கரியிலும் எல்லாக் கோடும் ஒரே கோடாக இருந்தது. நீலம் கரைக்குள் நின்றதும் ஆறு ஆறாகிவிட்டது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் முசிறிப் பக்கம், எதுவுமே போடாமல் வெறுமையாக விட்டிருந்தார். "நம்ம வீடு எங்கே?" என்றேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஜூன் 27, வெள்ளி

பிரஷ் மயிர் விறைத்துவிட்டது. புதிது வாங்க வேண்டும். வாங்கும்வரை பெயின்ட் வேண்டாம்.

ஜூலை 1, செவ்வாய்

பி.பி. 152/94. சாப்பாடு பாதிதான்.

"ஏம்மா பெயின்டிங்கை நிறுத்திட்டீங்க? கை மறுபடி இறுகுதே" என்றாள் ரிஸ்வானா. பிரஷ் இல்லை என்றேன். மேஜைமேல் டம்ளரில் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

படத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாளாகச் சோறு வேண்டாம் என்கிறார். கஞ்சி இரண்டு வாய். இப்படியே போனால் மூக்கில் குழாய் போடவேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார்.

இன்று காலை காபியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் டம்ளரில் விரலை விட்டு, மடியிலிருந்த செய்தித்தாள்மேல் காபியால் வட்டம் போட்டிருக்கிறார். உள்ளே இன்னொரு வட்டம். சூடான காபி, விரல் சிவந்திருந்தது. காய்வதற்குள் மறுபடி தொட்டு, மறுபடி அதே இடத்தில். பென்சில் சரியில்லை, கரி சரியில்லை, தாள் சரியில்லை என்று நான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த மனுஷனுக்குக் காபியே போதுமாக இருந்திருக்கிறது.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்யாணமான மறுவாரம் சுகந்தி ஓசூரிலிருந்து வீட்டு நம்பருக்கு போன் பண்ணினாள். "அப்பாகிட்டக் குடும்மா" என்றாள். அவர் கொல்லையில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பார். ஓடி வருவார் என்று தெரிந்ததால்தான் நான் கூப்பிடவில்லை. "அப்பா உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்னுட்டாரு. இனிமே போன் பண்ணாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரு என்று அவர் கேட்டதற்கு ராங் நம்பர் என்றேன். சாயங்காலம் அவரிடம், "அவளுக்கு நாம வேணாமாம்" என்றேன். கத்தரியை ஒருமுறை வைத்ததில் துணி இரண்டாகிவிட்டது.

என் அக்கா பேசியதும், ஸ்டாஃப் ரூமில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியதும் எனக்குப் பொறுக்கவில்லை. சுகந்தி அழுதுகொண்டு வந்து என் காலில் விழட்டும் என்று இருந்தேன். கோபம் ஆறுவதற்குள் பொய் பழசாகிவிட்டது. பழசான பொய்யைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றது ஆரோன். நான் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓசூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்று மனசு சொல்லியது, அதையும் அடக்கினேன்.

தண்டவாளத்தையும் கேட்டையும் பார்த்த அன்றே அது யார் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் ஓசூரில் இல்லை. இதோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம். இவர் போய் வந்திருக்கிறார். எத்தனை தடவையோ.

ஜூலை 6, ஞாயிறு

பீரோவிலிருந்து போனை எடுத்து சார்ஜ் போட்டேன். பென்ஷனர் சங்கத்திலிருந்து ஐம்பத்தாறு மெசேஜ். திறக்காமலே முதல் வரி தெரிந்தது. 'அப்பா போனை எடுங்கப்பா.'

அவரிடம் போய் உட்கார்ந்தேன். "இந்தப் படத்தை வச்சு நான் போகணுமா?" என்று கேட்டேன்.

"சரி" என்றார். இந்தச் சரியில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ராத்திரிக்கு என்று வைத்திருந்த ரவைக் கஞ்சியை அப்போதே முழுசும் குடித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

ரிஸ்வானா அவரோடு இருப்பதாகச் சொன்னாள். எங்கே போகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை, ஆனால் படத்தை ரவிக்கைத் துணியில் சுற்றிக்கொண்டபோது அவளே ஊக்கு எடுத்துக் கொடுத்தாள்.

முசிறி பாலத்தில் பஸ் போகும்போது ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. குளித்தலையில் இறங்கி, கரூர் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடம் படத்தைக் காட்டினேன். தண்டவாளம் வளைகிற இடத்தையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு, "லாலாபேட்டைம்மா இது. யார் போட்டது? அளந்து வச்ச மாதிரி இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன்.

இறங்கியதும் வெற்றிலை மண்டி. கவுளி கவுளியாக அடுக்கி ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். அந்த வாசனைதான் மாதா மாதம் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வாய்க்கால். படத்தில் இருக்கிற இடத்தில் இருந்தது. கேட் இருந்தது. இடது பக்கம் மூன்று மரம், இரண்டு வேம்பு, ஒரு புங்கை. அடுத்து ஓட்டு வீடு. நான் நின்றுவிட்டேன். வெயில் உச்சியில் அடித்தது. திரும்பிப் போனாலும் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கதவைத் திறந்தவள் சுகந்தி. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். நிறைமாசம்.

வட்டத்துக்குள் வட்டம். கிணறா என்று கேட்டேன் அந்த மனுஷனிடம்.

"அப்பா?" என்றாள்.

"இருக்காரு. அவருதான் அனுப்புனாரு."

அவள் அப்படியே கதவில் சாய்ந்து அழுதாள். நான் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவளே உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

போன வருஷம் ஆரோனுக்கு இங்கே மாற்றல் கிடைத்ததாம். குளித்தலை பஸ் ஸ்டாண்டில் அப்பாவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாள். "ஏம்மா எங்களை வேணாம்னு சொன்ன?" என்று அவர் கேட்டாராம். "நீங்கதானப்பா முழிக்கமாட்டேன்னீங்க" என்று இவள் சொன்னாளாம். "ரெண்டு பேரும் அப்படியே நின்னோம்மா. அப்புறம் அப்பா, டீ சாப்பிடுறியான்னு கேட்டாரு."

"என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"நான் வந்து உன்னைக் கேக்குறேன்னு குதிச்சேன். வேணாம்னுட்டாரு. ஒரு தரப்பு வராம நட்ட எல்லைக்கல்லு நிக்காதும்மா, அவ வரட்டும்னாரு. அவளா வருவா, அதுவரைக்கும் அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக்கூடாதுன்னாரு. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அவர் வேலையில் அப்படித்தான். வரப்புத் தகராறு என்றால் இரண்டு பக்கத்துக்காரருக்கும் நோட்டீஸ் போகும். ஒருவர் வரவில்லை என்றால் அளவுச் சங்கிலியைக்கூட அவிழ்க்காமல் திரும்பிவிடுவார். எத்தனை நாள் வெயிலில் அலைந்து வெறுங்கையோடு வந்திருக்கிறார், நானே கேலி பண்ணியிருக்கிறேன். ஒரு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, என் பொய்யைத் தெரிந்துகொண்டே வெற்றிலை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார், நான் வருவேன் என்று.

"ஆரோன் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நீ பாத்தியாம்" என்றாள் சுகந்தி.

"பாத்தேன்" என்றேன். "போன்லயும் அப்பா அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"தெரியும்மா."

"தெரியும்னு எனக்கும் தெரியுது. ஆனா நான் சொல்லணும்ல."

ஜூலை 9, புதன்

பி.பி. 130/80. அறையை ஒழித்துக் கட்டிலைத் துடைத்தேன். பழைய வாயில் புடவை இரண்டைத் துவைத்துப் போட்டேன், தூளிக்கும் துணிக்கும்.

ஜூலை 10, வியாழன்

பி.பி. 132/82.

பத்து மணிக்குக் கார் வந்தது. சுகந்தியை இறக்கிவிட்டு ஆரோன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மாதிரியே. நான் போய், "உள்ள வாங்க" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

அப்பாவும் மகளும் இருந்ததை எழுத எனக்கு வரவில்லை. அவர் இடது கையை அவள் வயிற்றில் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

பிறகு நான் கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ரிஸ்வானா போகிறேன் என்றாள், இரு என்றேன். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "நீங்க சொல்லாததைச் சொன்னதாச் சொன்னேன். அவ சொல்லாததையும் சொன்னேன். ரெண்டும் நான்தான்."

எதற்கெடுத்தாலும் சரி சொல்கிற மனுஷன், இதற்குச் சொல்லவில்லை.

மேஜைமேல், படத்தை மறுபடி ஒட்டி வைத்திருந்த பலகையைக் காட்டினார். எடுத்து அவர் மடியில் வைத்தேன். டம்ளரிலிருந்து பிரஷை எடுத்து, தண்ணீரில் அலசி, சிவப்பு வில்லையில் தோய்த்தார். தோய்த்துவிட்டு, நான் உறை தைத்த அந்தக் காம்பை என் பக்கம் நீட்டினார். ஆற்றுக்கு இந்தப் பக்கம், வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

நம் வீடு எங்கே என்று நான் கேட்ட இடம்.

வாழ்க்கையில் பிரஷ் பிடித்ததில்லை நான். இருபத்தெட்டு வருஷம் அளவுகோல் இல்லாமலே நேர்கோடு வெட்டிய கை. பிரஷ் சொன்னபடி கேட்கவில்லை. சிவப்பு கொஞ்சம் வழிந்து பாலத்தோடு ஒட்டிக்கொண்டது. சதுரம் என்று நினைத்துத்தான் போட்டேன், கோணல்மாணலாக வந்தது. சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பலகையைத் தூரமாகப் பிடித்து, தலையைச் சாய்த்து, முதலில் இந்தக் கரையை, பிறகு அந்தக் கரையைப் பார்த்தார். பலகையைக் கீழே வைத்தார்.

"சரி" என்றார்.